பரங்கிமலை ஸ்டேஷன்: அட்டவணையில் இல்லாத கட்டம்

அக்கா பையன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். வீடு ஆதம்பாக்கம். உங்கள் பகுதியில் இருக்கும் ஒரு பொது இடத்தின் வரலாற்றை எழுதி வாருங்கள் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். இவன் பரங்கிமலை ரயில் நிலையத்தை எடுத்துக்கொண்டான். இரண்டு பக்கம் எழுதி, கடைசியில் ஒரு அட்டவணையும் போட்டு எனக்கு அனுப்பியிருந்தான். "மாமா, தப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்க."

தேதிகளில் தப்பு எதுவும் இல்லை. பையன் உழைத்திருக்கிறான். ஆனாலும் படித்து முடித்ததும் ஏதோ இடித்தது. என்னவென்று பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. அவனுடைய அட்டவணையில் ஒவ்வொரு வரியும் ஒரு திறப்பு விழா. 1931 மின்சார ரயில். 2004 அகலப்பாதை. 2016 மெட்ரோ. வரிசையாகப் படித்தால் அந்த ஸ்டேஷன் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை, வளர்ந்துகொண்டே இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் தினமும் அந்த வழியாகப் போய்வரும் யாரைக் கேட்டாலும் வேறு கதை சொல்வார்கள். இந்த இரண்டு கதைக்கும் நடுவில் என்ன விடுபட்டுப் போகிறது என்று யோசித்ததன் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பழைய கதை. சென்னையில் தூரத்தை அளப்பதற்கும் பரங்கிமலைக்கும் ரயிலுக்கு முன்பிருந்தே தொடர்பு உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் அளவையை இங்கிருந்துதான் தொடங்கினார். பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை, ஏறக்குறைய ஏழரை மைல், நூறு அடி நீள இரும்புச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப வைத்து அளந்தார்கள். அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் அளந்துகொண்டே போனார்கள். பிற்பாடு இமயமலைச் சிகரங்களின் உயரத்தைக் கணக்கிட்டதும் இதே வேலையின் தொடர்ச்சிதான்.

'பரங்கி' என்பது ஐரோப்பியரைக் குறிக்க நம்மவர்கள் வைத்திருந்த சொல். மலை உச்சியில் இருக்கும் மாதா கோயில் போர்த்துகீசியர் 1523இல் கட்டியது. பிறகு வெள்ளைக்காரர்களின் பட்டாளம் இங்கே வந்து தங்கியது. இன்றைக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊருக்குப் பெயரும் ஒன்றில்லை. பரங்கிமலை, புனித தோமையார் மலை, செயின்ட் தாமஸ் மவுண்ட் என்று மூன்று பெயர். ரயிலில் அவசரமாகக் கேட்பவர்கள் "மவுண்ட் வந்துடுச்சா?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே போகும் மீட்டர்கேஜ் பாதை 1870களில் வந்தது. புறநகர் ரயில் என்று நாம் சொல்வதற்கு ஓர் உருவம் கிடைத்தது 1931இல். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கிலோமீட்டருக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. இந்தியாவில் மீட்டர்கேஜ் பாதையை மின்மயமாக்கியது இதுதான் முதல் தடவை. பம்பாய்க்கு மின்ரயில் வந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அன்றைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அந்த மின்ரயில்தான் கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், பல்லாவரம் என்று ஒரு கயிற்றில் கோத்த மாதிரி ஊர்களைச் சென்னையோடு கட்டிப்போட்டது. வேலை பாரிமுனையில், வீடு பழவந்தாங்கலில் என்று ஒரு குமாஸ்தா வாழ முடிந்ததென்றால் அதற்குக் காரணம் சீசன் டிக்கெட். தென்சென்னை நடுத்தர வர்க்கத்தின் வரலாற்றை எழுத வேண்டுமானால் கோயில், சபா, சினிமா கொட்டகை எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தப் பாதையைத்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

1990களில் இதே தடத்தில் அகலப்பாதை வந்தது. சில வருடங்கள் இரண்டு வகை வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. 2004இல் மீட்டர்கேஜ் மின்ரயில் நின்றுபோனது. நான் அந்தச் சின்ன வண்டிகளில் நிறையப் போயிருக்கிறேன். எதிர் இருக்கையில் இருப்பவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். அவர் கையில் இருக்கும் செய்தித்தாளின் பின்பக்கத்தை நாம் இலவசமாகப் படிக்கலாம். அகலப்பாதைப் பெட்டி வந்தபோது இவ்வளவு இடமா என்று ஆச்சரியமாக இருந்தது. அந்த இடம் நிரம்பி வழிய ரொம்ப நாள் ஆகவில்லை.

இதுவரை பையனின் அட்டவணையும் நானும் ஒரே பக்கம்தான். பிரியும் இடம் இனிமேல் வருகிறது.

2016 அக்டோபர் 14 அன்று பரங்கிமலைக்கு மெட்ரோ வந்தது. கோயம்பேடு, வடபழனி பக்கமிருந்து வரும் பச்சைத் தடம் இங்கே வந்து முடிகிறது. அட்டவணையில் இதற்கு எதிரே 'இரண்டு ரயில்கள் சந்திக்கும் நிலையம் ஆனது' என்று எழுதியிருந்தான். இந்தச் 'சந்திக்கும்' என்ற சொல்லை நான் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன். தாம்பரத்திலிருந்து ஐந்து, பத்து ரூபாய் டிக்கெட்டில் வந்து இறங்குகிறவர் மெட்ரோவுக்குப் போக வேண்டுமென்றால் புறநகர் நிலையத்தை விட்டு வெளியேறி, படியேறி, பையைச் சோதனைக்குக் கொடுத்து, இன்னொரு டிக்கெட்டோடு இன்னொரு வாசலுக்குள் நுழைய வேண்டும். மெட்ரோவின் கட்டணம் பத்து ரூபாயிலிருந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டு ரயிலும் ஒன்றின் மேல் ஒன்றாக, பக்கம் பக்கமாக நிற்கின்றன என்பது உண்மை. ஆனால் அவை சந்தித்துக்கொள்வதில்லை. சந்திக்க வைப்பது பயணியின் கால்.

இது சின்னக் குறை, பழகிப்போகும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது ரயிலின் கதை அப்படி இல்லை.

பறக்கும் ரயில் 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. 1997இல் திருமயிலைக்கு வந்தது. 2004இல் திருவான்மியூர். 2007 நவம்பரில் வேளச்சேரி. சுமார் இருபது கிலோமீட்டரைக் கடக்கப் பன்னிரண்டு வருடம். அங்கிருந்து பரங்கிமலைக்கு இன்னும் ஐந்தே கிலோமீட்டர். உள்வட்டச் சாலையை ஒட்டி, புழுதிவாக்கம், ஆதம்பாக்கம் என்று நடுவில் இரண்டு நிலையம். வேலை 2008இல் ஆரம்பமானது.

நாலரை கிலோமீட்டர் மேம்பாலம் எழும்பிவிட்டது. மிச்சம் இருந்தது அரை கிலோமீட்டர், ஆதம்பாக்கம் பக்கத்தில். அங்கே நிலம் கையகப்படுத்துவதில் வழக்கு வந்தது. இழப்பீடு போதாது என்றார்கள் நிலத்துக்காரர்கள். வருடக்கணக்கில் வேலை நின்றது. வானத்தில் ஓரிடத்தில் வெட்டினாற்போல் முடிந்து நின்ற கான்கிரீட் பாலத்தை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தார்கள். எங்கள் பையனும் அப்படித்தான். அவனுக்கு அது ஒரு குறை என்றே தோன்றவில்லை, மலை மாதிரி, ஏரி மாதிரி, எப்போதும் அங்கே இருக்கிற ஒன்று. அட்டவணையில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்காததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். திறப்பு விழா நடக்கவில்லை, ஆகவே வரலாறு இல்லை.

அந்த அரை கிலோமீட்டரின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேளச்சேரியில் இருக்கும் ஒருவர் குரோம்பேட்டைக்கோ தாம்பரத்துக்கோ ரயிலிலேயே போக வேண்டுமென்றால், அத்தனை வருடமும் வடக்கே பூங்கா நகர் வரை போய், இறங்கி, எதிரே பூங்கா நிலையத்தில் வண்டி மாறி, மறுபடி தெற்கே வர வேண்டியிருந்தது. ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பரங்கிமலையை அடைய ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். மூக்கைச் சுற்றித் தொடுவது என்பார்களே, இது ஊரையே சுற்றித் தொடுவது. யாரும் அப்படிப் போனதில்லை. பஸ், ஷேர் ஆட்டோ, டூவீலர் என்று உள்வட்டச் சாலையில் இறங்கிவிட்டார்கள். தலைக்கு மேல் காலியான ரயில் பாலம், கீழே நகராத வண்டிகள்.

அந்தச் சுற்றுவழிகூட ஒரு காலத்தில் அறுந்துபோனது. கடற்கரை, எழும்பூர் இடையே நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மறுபடி கடற்கரை வரை ஓடியது 2024 அக்டோபர் 29 அன்று. எண்ணிப் பாருங்கள், பதினான்கு மாதம். நான்காவது பாதை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது அவசியமான வேலை. ஆனால் நாளை யாராவது எழுதப்போகும் அட்டவணையில் 'நான்காவது பாதை முடிந்தது' என்று ஒரு வரி இருக்கும். அந்த இரண்டாவது ஏழு மாதம் அதில் இருக்காது. அந்த மாதங்களில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிப் பஸ்ஸுக்கு நின்றவர்களின் நேரம் எந்தக் கணக்கிலும் வராது.

சரி, நேரம்தானே போச்சு என்று சொல்லலாம். பரங்கிமலையில் உயிரும் போயிருக்கிறது.

2018 ஜூலை 24, காலை வேலைக்குப் போகும் நேரம். மேல்நிலை மின்கம்பியில் கோளாறு. புறநகர் வண்டிகள் வழக்கமாக ஓடும் பாதையில் ஓட முடியவில்லை. காஞ்சிபுரத்தைத் தாண்டியிருக்கும் திருமால்பூருக்குப் போகும் மின்ரயிலை விரைவு ரயில்களுக்கான பாதையில் திருப்பிவிட்டார்கள். வண்டிகள் தாமதமானதால் கூட்டம் பிதுங்கியது. படியில் தொங்கியவர்கள் நிறைய. பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. தொங்கியவர்கள் அதில் மோதி விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: படியில் தொங்காதீர்கள். தொங்கக் கூடாதுதான், சட்டப்படியும் குற்றம். ஆனால் அந்தச் சம்பவத்தைப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அந்தச் சுவர் அங்கே முன்னமே இருந்தது. விரைவு வண்டியில் படியில் அவ்வளவு பேர் தொங்குவதில்லை, அதனால் அந்தப் பாதையில் சுவர் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. மின்ரயில் எப்போதும் வேறு பாதையில் போகும், அதனால் அதன் பயணிகளுக்கும் அந்தச் சுவரால் ஆபத்தில்லை. இரண்டும் தனித்தனியாகச் சரி. ஒரு நாள் ஒன்றை இன்னொன்றின் பாதையில் விட்டபோது, இரண்டையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது தெரிந்தது.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது இதைத்தான். பரங்கிமலையின் எல்லாக் குறையும் ஒரே குறை. ஒவ்வொரு ரயிலும் தன் வேலையைச் செய்கிறது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்குத்தான் யாரும் பொறுப்பில்லை. டிக்கெட் மாறும் இடம், பாலம் முடிந்து நின்ற இடம், சுவருக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடம், எல்லாம் அந்த வகைதான்.

2025 ஏப்ரலில் கடற்கரை, செங்கல்பட்டு இடையே குளிர்சாதன மின்ரயில் வந்தது. பெரம்பூர் ஐசிஎஃப் தயாரிப்பு, பன்னிரண்டு பெட்டி. நல்ல வண்டி. அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: கதவு தானாக மூடிக்கொள்ளும். படியில் தொங்க வழியே இல்லை. அதாவது 2018இல் செய்த உபதேசத்துக்கு இயந்திரமே பதில் சொல்லிவிட்டது. ஆனால் அந்த வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் 5 ரூபாய். குளிர்ச்சிக்குக் கூடுதல் காசு வாங்குவது நியாயம். கதவுக்கும் சேர்த்து வாங்குவதுதான் உறுத்துகிறது. அதே வருடம் ஜூனில் மும்பை மும்ப்ரா அருகே நெரிசலில் வண்டியிலிருந்து விழுந்து பயணிகள் இறந்த பிறகு, மும்பையின் புதிய புறநகர் வண்டிகளில் குளிர்சாதனம் இல்லாதவற்றுக்கும் தானியங்கிக் கதவு வைப்பதாக ரயில்வே சொன்னது. பரங்கிமலையில் ஐந்து பேர் இறந்து அப்போது ஏழு வருடம் ஆகப்போகிறது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு குறை சொல்கிறாயே, ஐந்து ரூபாய்க்கு இந்தக் காலத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டால் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒரு டீயைவிட மலிவான டிக்கெட்டில் லட்சக்கணக்கான பேரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இன்னொரு ஏற்பாடு இந்த ஊரில் கிடையாது. ஆதம்பாக்கத்து நிலத்துக்காரர்களையும் வில்லனாக்க முடியாது. வீடு போகிறவர் நியாயமான விலை கேட்பார், கேட்கத்தான் வேண்டும். அந்தப் பேச்சைப் பாலம் கட்டுவதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். புறநகர் ரயில் ரயில்வேயுடையது, மெட்ரோ மத்திய மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம், பஸ் மாநில அரசுடையது. ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு வாசல். இவர்களை ஒரு மேசைக்குக் கொண்டுவரத்தான் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஒன்றுக்கு 2010இலேயே சட்டம் போட்டார்கள்.

அந்தக் குழுமத்தின் 'சென்னை ஒன்று' செயலி 2025 செப்டம்பரில் வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே கைபேசியில் டிக்கெட் எடுக்கலாம். இது உண்மையிலேயே நல்ல வேலை. வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தச் செயலி வந்த நாளில்கூட வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில் ஓடவில்லை. வேலை தொடங்கிப் பதினேழு வருடம். டிக்கெட்டுகளைச் சேர்ப்பது சீக்கிரம் முடிந்துவிட்டது. தண்டவாளங்களைச் சேர்ப்பதுதான் இழுத்துக்கொண்டே போனது.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி மாமா, ஆனா இது வரலாறா, புகாரா?" என்றான். நல்ல கேள்வி. கொஞ்சம் திணறித்தான் போனேன்.

நான் சொன்ன பதில் இது. லாம்டன் இங்கே ஏழரை மைலை அளந்தபோது, நூறு அடிச் சங்கிலியை ஒரு தடவை வைத்து எடுத்ததும் அடுத்த தடவை அது முடிந்த புள்ளியிலேயே வைக்க வேண்டும். ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தாலும் அந்தப் பிழை கடைசி வரை கூடவே வரும். அவர்களுடைய கவனமெல்லாம் அந்த இணைப்பில்தான். ஸ்டேஷன் வரலாறும் அப்படித்தான் இருக்க வேண்டும். 1931, 2004, 2016 என்பவை நீளமான சங்கிலிகள், யார் வேண்டுமானாலும் அளந்துவிடலாம். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் எவ்வளவு விட்டுப்போனது, அதை யார் நடந்து கடந்தார்கள் என்பதை எழுதாவிட்டால் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். அதை எழுதுவது புகார் என்றால் புகாராகவே இருக்கட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் தடமும் பரங்கிமலை வழியாகத்தான் வருகிறது. அட்டவணையில் இன்னும் வரிகள் சேரப்போகின்றன, கல்வெட்டுகளும் வரும். ஒவ்வொரு வரியோடும் ஒரு புது இடைவெளியும் கூடவே வரும். அதை முன்கூட்டியே கேட்க வேண்டுமென்றால் பழைய இடைவெளிகளை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் திருத்திய பிரதியை அனுப்பினான். 'திறந்த நாள்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தான். தலைப்பு: 'சொன்ன நாள்'. பாதிக் கட்டங்கள் காலியாகத்தான் இருந்தன, தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான். வேளச்சேரி–பரங்கிமலை, ஐந்து கிலோமீட்டர், தொடக்கம் 2008. 'திறந்த நாள்' கட்டத்தில் எதுவும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தான்.

மதிப்பெண் எவ்வளவு வந்தது என்று நான் கேட்கவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கோட்டுக்கே பாதி போட்டிருப்பேன்.